ஆற்றின் மேல் ஒரு தெருமூடிமடம்: லுசேர்ன் வாழ் தமிழருக்கு ஒரு திறந்த மடல்

சுவிட்சர்லாந்தின் லுசேர்ன் நகரிலும் அயலிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும், தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும்,

அன்பான உறவுகளே, வணக்கம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை பேத்தியைக் கூட்டிக்கொண்டு நகரின் பழைய மரப் பாலமான கப்பெல் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். அவளுக்கு ஏழு வயது. தமிழ்ப் பாடசாலையில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். கடைப் பலகை, அரிசிப் பை, கோயில் நோட்டீஸ் என்று எந்தத் தமிழ் எழுத்தைக் கண்டாலும் நின்று வாசித்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பாள். நீர்க்கோபுரத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போயிருப்போம். என் கையை விட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடினாள்.

"அம்மப்பா, இங்கே தமிழ் எழுதியிருக்கிறது!"

குனிந்து பார்த்தேன். ஓரத் தடுப்புப் பலகையில், அவள் கண் மட்டத்தில், இரண்டு பெயர்கள். நடுவே ஓர் இதயப் படம். திறப்பாலோ கத்தி முனையாலோ கீறியிருக்கிறார்கள். பழுப்பேறிய மரத்தில் புதுக் கீறல் வெள்ளையாகத் தெரிந்தது. விளிம்பில் சிம்புகள் இன்னும் உதிராமல் நீட்டிக்கொண்டிருந்தன. பெயரில் இருந்த ழகரம் வடிவாக வந்திருந்தது. எங்கள் பாடசாலைகளில் ஒன்றில், யாரோ ஓர் ஆசிரியை கை பிடித்து எழுதப் பழக்கிய ழகரம் அது.

பேத்தி இரண்டு பெயரையும் உரத்து வாசித்தாள். ஜெர்மன் எழுத்தையே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு ஊரின் நடுவே தமிழைக் கண்டதில் அத்தனை மகிழ்ச்சி. என்னால் அந்த மகிழ்ச்சியில் சேர முடியவில்லை. அதே பலகையில் வேறு மொழிக் கீறல்களும் இருந்தன. அவற்றுக்காக நான் மடல் எழுதப் போவதில்லை. இது எங்கள் எழுத்து. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில், பருத்தித்துறையில் பிறந்தவன். 1984ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் இந்த நகரத்துக்கு வந்தேன். உங்களில் பலரைப் போல எனக்கும் முதல் வேலை உணவகச் சமையலறையில் கோப்பை கழுவுவது. வேலைக்குப் போன முதல் நாள், வழி தெரியாமல் றொய்ஸ் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தேன். உறைபனி. எதிரே ஆற்றின் குறுக்கே ஓடு வேய்ந்த நீண்ட கூரை ஒன்று வளைந்து போயிற்று. ஆட்கள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தார்கள். நின்று பார்த்தபோது மனத்தில் வந்த முதல் சொல் 'தெருமூடிமடம்'.

வடமராட்சிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பருத்தித்துறையில் தெரு ஒரு மடத்தின் ஊடாகப் போகிறது. இரு பக்கமும் கல் தூண்கள், உயர்ந்த திண்ணைகள், மேலே கூரை. தெருவையே மூடி நிற்பதால் தெருமூடிமடம். நடந்து வருகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி ஆறிப் போகட்டும் என்று யாரோ புண்ணியவான் கட்டி வைத்தது. சிறு வயதில் அந்தத் திண்ணையில் இருந்து ஆச்சியின் சுருக்குப் பையிலிருந்து கச்சான் வாங்கித் தின்றிருக்கிறேன். லுசேர்னில் அந்தக் காலையில், அதே ஏற்பாட்டைத் தண்ணீரின் மேல் மரத்தில் செய்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. உள்ளே நுழைந்ததும் பனிக் காற்று பாதியாகக் குறைந்தது. அன்றிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாலத்தில் நடந்து வருகிறேன். ஊரில் எந்த ஒழுங்கையிலும் நான் இத்தனை தடவை நடந்ததில்லை.

உங்களில் பலருக்கும் அப்படித்தான். ஆனாலும் பாலத்தைப் பற்றிக் கேட்டால் "பழைய பாலம், படம் எடுக்க நல்ல இடம்" என்பதோடு நின்றுவிடுகிறோம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் வந்தால் முதலில் இங்கேதான் கூட்டி வருகிறோம். கோபுரத்தைக் காட்டி ஒரு படம் எடுத்துவிட்டு சொக்கிலேட் கடைக்குப் போய்விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன்.

கப்பெல் என்றால் சிற்றாலயம். பழைய நகரப் பக்கக் கரையில் இருக்கும் புனித பேதுருவின் சிற்றாலயத்தால் வந்த பெயர். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்கிறார்களே, அவர்தான். பாலம் 1333இல் கட்டப்பட்டது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இப்போது 1365ஐ ஒட்டிய காலம் என்கிறார்கள். எப்படியும் 14ஆம் நூற்றாண்டு. ஐரோப்பாவில் இன்று எஞ்சியிருக்கும் கூரையிட்ட மரப் பாலங்களில் இதுவே மூத்தது.

இதை வெறும் நடைபாதையாகக் கட்டவில்லை. இது நகரத்தின் மதில். ஏரியிலிருந்து ஆறு புறப்படும் வாய் இது. பகைவன் படகில் வந்தால் இந்த வழியாகத்தான் வர வேண்டும். அடுத்த முறை போகும்போது இரு பக்கத் தடுப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏரிப் பக்கத்துத் தடுப்பு உயரமாக இருக்கும். பின்னால் மறைந்து நின்று காவல் காப்பதற்கான உயரம் அது. பேத்தி இரு பக்கமும் ஓடிப் பார்த்தாள். ஒரு பக்கம் ஆறு தெரிந்தது, மறுபக்கம் பலகைதான் தெரிந்தது. அவளுக்கு நான் வேறு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நடுவில் நிற்கும் நீர்க்கோபுரத்தைத் தண்ணீர்த் தாங்கி என்று நினைத்திருக்கும் நம்மவர் பலர். அது தண்ணீரைத் தாங்கும் கோபுரம் அல்ல, தண்ணீருக்குள் நிற்கும் கோபுரம். எட்டுப் பட்டை, ஏறக்குறைய 34 மீட்டர் உயரம். பாலத்துக்கும் முன்னரே, 1300ஐ ஒட்டிக் கட்டியது. காவற்கூடமாக, கருவூலமாக, ஆவணக் காப்பகமாக, சிறையாக, வதைகூடமாகவும் இருந்திருக்கிறது. நாம் சிரித்துக்கொண்டு படம் எடுக்கும் பின்னணிக்குள் அதுவும் இருக்கிறது.

முதலில் 270 மீட்டருக்கும் நீளமாக இருந்த பாலம், 19ஆம் நூற்றாண்டில் கரைகளை நிரப்பிய பிறகு ஏறக்குறைய 205 மீட்டராகக் குறுகியது. இதற்குத் துணையாக மேலும் இரண்டு கூரைப் பாலங்கள் இருந்தன. ஒன்றை, ஹோஃப் பாலத்தை, அதே நூற்றாண்டில் அடியோடு அகற்றிவிட்டார்கள். மற்றது, ஆற்றோட்டத்தில் சிறிது கீழே இருக்கும் ஸ்புறொயர் பாலம். 1408இல் கட்டி முடித்தது. 1566 வெள்ளத்தில் அழிந்து மறுபடி எழுந்தது. ஸ்புறொயர் என்ற பெயர் பதரிலிருந்து வந்தது. அன்று ஆற்றோட்டத்தில் நகரின் கடைசிப் பாலம் அது என்பதால் பதரையும் சருகையும் அங்கிருந்து மட்டுமே ஆற்றில் கொட்ட அனுமதி இருந்தது. நெல் தூற்றிய ஊரிலிருந்து வந்த நமக்கு 'பதர்ப் பாலம்' என்பது எவ்வளவு நெருக்கமான பெயர்! அதன் கூரைக்குள் காஸ்பர் மெக்லிங்கர் 1626 முதல் 1635 வரை வரைந்த மரண நடனப் படங்கள் இருக்கின்றன. 67இல் 45 எஞ்சியுள்ளன. அரசன், துறவி, வியாபாரி, மணப்பெண் யாராயினும் கூடவே எலும்புக்கூடு நிற்கும். சுற்றுலாக் கூட்டம் அவ்வளவு அங்கே போவதில்லை. நீங்கள் போங்கள்.

கப்பெல் பாலத்துப் படங்களுக்கு வருகிறேன். என் மனக்குறை அங்கேதான் வந்து முட்டுகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஹான்ஸ் ஹைன்றிக் வேக்மான் என்ற ஓவியரைக் கொண்டு கூரையின் முக்கோணங்களில் படங்கள் வரைவித்தார்கள். எந்தக் கதையை எங்கே வைப்பது என்று திட்டம் போட்டவர் நகர எழுத்தர் றென்வார்ட் சீசாட். துணியில் அல்ல, பெரும்பாலும் ஸ்புறூஸ் மரப் பலகைகளில் வரைந்த படங்கள். நகரின் கதை, நாட்டின் கதை, காவல் புனிதர்கள் லெயோடெகாரும் மொறிசியசும் பட்ட பாடு என்று வரிசையாகப் போகும். தொடக்கத்திலேயே ஓர் இராட்சதன் நிற்பான். 1577இல் றைடன் என்ற ஊரில் சாய்ந்த ஓக் மரத்தடியில் பெரிய எலும்புகள் கிடைத்தன. இராட்சதனின் எலும்பு என்று அந்தக் காலத்து மருத்துவரும் நம்பினார். பிற்காலத்தில்தான் அது மம்மத் யானையின் எலும்பு என்று தெரிந்தது. யானையை இராட்சதனாக்கிப் பாலத்தில் நிறுத்திய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டார்கள்.

ஒவ்வொரு படத்தையும் ஒரு குடும்பத்தார் பணம் கொடுத்துச் செய்வித்தார்கள். கொடுத்தவரின் குலச் சின்னம் படத்திலேயே இருக்கும். நமக்கு இது புதிதல்ல. கோயில் மணியில், குத்துவிளக்கில், கல் படியில் 'உபயம்' என்று பெயர் பொறிக்கிறோம் அல்லவா? ஆகவே பாலத்தில் பெயர் இருப்பதில் தவறு எதுவும் இல்லை. நானூறு ஆண்டுகளாக அங்கே பெயர்கள் இருக்கின்றன. அவை பாலத்துக்கு ஒன்றைக் கொடுத்தவர்களின் பெயர்கள். என் பேத்தி வாசித்த இரண்டு பெயரும் பாலத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு எழுதிய பெயர்கள்.

ஒரு கீறலுக்கு இத்தனை பேச்சா என்று சிலர் கேட்பீர்கள். மரத்தைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

என் தாய்மாமன் வல்வெட்டித்துறையில் ஓடாவி. அந்தக் கரையில் மரக்கலம் கட்டிய கைகளின் வழியில் வந்தவர். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கக் கரையைத் தொட்ட கதையை, தானே கூடப் போனவர் போலச் சொல்வார். அவர் சொல்லித் தந்தது ஒன்று இன்றும் நினைவிருக்கிறது. மரத்துக்குத் தண்ணீர் பகை இல்லை. நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதுதான் பகை. முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும் மரம் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். முழுக்கக் காய்ந்த மரமும் இருக்கும். தண்ணீர் ஏறி இறங்கும் கோட்டில்தான் உளுப்பு பிடிக்கும். வெடிப்பிலும் கீறலிலும் ஈரம் தங்கி, அங்கிருந்துதான் உள்ளே போகும்.

கப்பெல் பாலத்தின் கூரை எதற்கு என்பது இதிலிருந்து விளங்கும். நடப்பவர் நனையாதிருக்க என்றுதான் நாம் நினைக்கிறோம். அதுவும் ஒரு பயன். ஆனால் கூரை முதலில் காப்பது பாரம் தாங்கும் மரங்களான தீராந்திகளையும், சாய்வு முட்டுகளையும், அவை ஒன்றோடொன்று பொருந்தும் பொளிவுகளையும். மழையும் பனியும் அந்தப் பொருத்துகளுக்குள் இறங்கினால் பாலம் சில பத்தாண்டுகளில் தளர்ந்துவிடும். ஓடு உடைந்தால் ஒரு நாளில் மாற்றலாம். தீராந்தி உளுத்தால் பாலத்தையே பிரிக்க வேண்டும். அதனால் கூரையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், கூரை மற்றதைக் காத்துக்கொண்டே இருக்கிறது. அலைகரையில் நிற்கும் கால்களுக்கு மட்டும் கூரையால் உதவ முடியாது. அவற்றைப் பார்த்துப் பார்த்து மாற்றத்தான் வேண்டும்.

"அப்படியானால் இப்போது இருப்பதில் பழைய மரம் எவ்வளவு? பழைய பாலம் என்று சொல்வதே பொய்யல்லவா?" என்று எங்கள் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அவருக்கு எங்கள் வீட்டு வேலியைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியை ஆண்டுக்கு ஆண்டு அடைப்பார்கள். பழைய கிடுகைக் கழற்றி வயலுக்கு உரமாகப் போட்டுவிட்டுப் புதுக் கிடுகு வைத்துக் கட்டுவார்கள். உக்கிய கதியாலுக்கு, அதாவது வேலிக் கம்புக்கு, பக்கத்தில் புதுக் கதியால் நாட்டுவார்கள். வேலி அடைப்பு என்றால் அயலே கூடும். இரண்டு ஆண்டில் பழைய கிடுகு ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் அது அப்பு காலத்து வேலிதான். ஒருவரும் அதைப் புது வேலி என்று சொன்னதில்லை. எல்லை மாறவில்லை, கட்டு மாறவில்லை, அடைக்கும் வழக்கம் ஒரு ஆண்டும் தவறவில்லை. அடைக்காமல் விட்ட வீடுகளின் வேலிகள் எங்கே போயின என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

1993ஆம் ஆண்டு ஆவணி. அப்போது ஆற்றங்கரை உணவகம் ஒன்றில் இரவு வேலை. செவ்வாய்க்கிழமை இரவு அடுப்புகளை அணைத்து, நிலம் கழுவி, நள்ளிரவு தாண்டிப் பின்கதவால் வெளியே வந்தேன். நாட்காட்டியில் 18ஆம் திகதி தொடங்கியிருந்தது. முதலில் மணம்தான் வந்தது. காய்ந்த மரம் எரியும் மணம். ஊரில் பனங்கொட்டில் எரிந்தபோது வந்த அதே மணம். திரும்பிப் பார்த்தால் ஆறு செம்மஞ்சளாக இருந்தது.

தீ பாலத்தின் கீழே கட்டியிருந்த படகு ஒன்றில் தொடங்கியது. அணையாத சிகரெட் துண்டுதான் காரணம் என்று சந்தேகித்தார்கள். கூரை ஒரு நீண்ட புகைக்குழாய் போல வேலை செய்தது. உள்ளே பிடித்த நெருப்பு மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடியது. ஓடுகள் வெடிக்கும் ஒலி கரைவரை கேட்டது. எரிந்த துண்டுகள் ஆற்றில் விழுந்து சீறி அணைந்தன. என்னோடு நின்ற தலைமைச் சமையற்காரர் அறுபது வயது தாண்டிய லுசேர்ன்காரர், சமையலறையில் யாரையும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர். வெள்ளை மேலுடுப்போடு கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றுதான் அவர் என்னிடம் முதன்முறையாகச் சொந்தக் கதை பேசினார். சிறு வயதில் தகப்பனின் தோளில் இருந்து அந்தப் படங்களைப் பார்த்தாராம்.

நான் அழவில்லை. எனக்கு வேறு நெருப்பு நினைவுக்கு வந்துவிட்டது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நான் அங்கே இல்லை. சில நாள் கழித்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் இருந்த கட்டடத்தில், சுவர்களும் சாம்பலும் மட்டும் இருந்தன. அடுக்கடுக்காக எரிந்த தாள், தொட்டால் பொடியாகும். அது திட்டமிட்டு வைத்த தீ. லுசேர்னில் பிடித்தது யாரோ ஒருவரின் கவனக்குறைவால். இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் விடியற்காலையில் கரையில் நின்ற அந்த நகரத்து மக்களின் முகம் எனக்குத் தெரிந்த முகம்.

இரு முனைகளும் கோபுரமும் தப்பின. நடுப்பகுதி போயிற்று. தீக்கு முன் இருந்த 147 படங்களில் பெரும்பாலானவை அழிந்தன. 47 படங்களின் மிச்சங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். 30ஐத்தான் முழுமையாகச் சீர்செய்ய முடிந்தது. பாலத்தை மட்டும் அதே வடிவத்தில், அதே அளவில், மரத்திலேயே உடனே திருப்பிக் கட்டத் தொடங்கினார்கள். செலவு 34 இலட்சம் பிராங்க். எட்டு மாதம்கூட ஆகவில்லை. திறந்த நாள் 1994 ஏப்ரல் 14.

திகதியைப் பார்த்தீர்களா? சித்திரை வருடப்பிறப்பு. அன்று வியாழக்கிழமை. காலையில் தலை முழுகி, புது உடுப்புப் போட்டு, சாமிப் படத்துக்கு முன் விளக்கேற்றிவிட்டு, மனைவியும் நானும் கைக்குழந்தையோடு பாலத்துக்குப் போனோம். புது மரத்தின் மணம் ஆற்றங்கரை முழுவதும் இருந்தது. நம்மவர் இன்னும் சிலரையும் அங்கே கண்டேன், புடவையோடும் வேட்டியோடும். லுசேர்ன்காரர் தங்கள் பாலத்தைத் திரும்பப் பெற்ற நாளுக்காக நாங்களும் உடுத்து வந்ததாக நினைத்து எங்களைப் பார்த்து மகிழ்ந்தார்கள். நாங்கள் மறுக்கவில்லை. நடந்து முடிக்கும்போது அது உண்மையாகவும் ஆகிவிட்டது. எங்கள் நூலகம் மறுபடி திறக்க 2003 வரை, 22 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. எரிந்த ஒன்று எழுந்து நிற்பதை என் வாழ்வில் முதலில் பார்த்தது இந்தப் பாலத்தில்தான்.

இன்று நடுப்பகுதியில் நிமிர்ந்து பாருங்கள். சில முக்கோணங்கள் வெறுமையாக இருக்கும். தீயில் கருகிய பலகைகளும் கண்ணில் படும். எரிந்த படங்களுக்கு நகல் வரைந்து மாட்டலாமா என்று நகரில் பெரிய விவாதமே நடந்தது. என் கருத்தைக் கேட்டால், வெறுமையாகவே இருக்கட்டும் என்பேன். போனது போனதாகத் தெரிய வேண்டும். அந்த வெற்றிடத்தின் கீழ் நிற்கும் பிள்ளைதான் "இங்கே ஏன் படம் இல்லை?" என்று கேட்கும்.

இத்தனையும் தெரிந்த பிறகு, சென்ற கோடையில் கண்டதைச் சொல்கிறேன். நம்மவர் ஒரு சாமத்திய வீட்டுப் படப்பிடிப்பு. பிள்ளை பட்டுப் புடவையில் பாலத்தின் நடுவே அம்மன் போல நின்றாள். படம் எடுப்பவரின் உதவியாள் வர்ணப் புகைக் குச்சி ஒன்றைப் பற்றவைக்கப் போனார். இன்னொருவர் கையில் கம்பி மத்தாப்புப் பெட்டி. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தம்பி நல்ல பிள்ளை. 1993ஐப் பற்றி ஒன்றும் தெரியாது, அப்போது அவர் பிறக்கவே இல்லை. சொன்னதும் முகம் வெளிறிப்போய், குச்சியைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் போட்டுவிட்டார். பெற்றோரும் மன்னிப்புக் கேட்டார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் முன்னரே வந்த நாங்கள்.

ஆகவே கேட்கிறேன். கல்யாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் மண்டபம் பதியும்போது, படம் எடுப்பவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்: பாலத்தில் நெருப்பு இல்லை, புகை இல்லை, மெழுகுதிரி இல்லை, கற்பூரமும் இல்லை. படத்துக்காகப் பிள்ளையைத் தடுப்பின் மேல் ஏற்றி இருத்தாதீர்கள். வெளிப்புறத்தில் தொங்கும் பூத்தொட்டிகளை நகர்த்தாதீர்கள். வயதில் மூத்த ஆண்களுக்கு ஒரு சொல்: வந்தவர்களோடு பேசிக்கொண்டே சிகரெட் பற்றவைக்கும் பழக்கம் பாலத்துக்கு வெளியே நிற்கட்டும். நம்மவர் ஒருவர் அணைக்காத துண்டை ஆற்றில் வீசியதை நான் கண்ணால் கண்டேன். துண்டு ஆற்றில்தான் விழும் என்பதற்கு யார் பொறுப்பு?

கீறலைக் கண்டால் நீங்களே மணற்தாள் எடுத்துத் தேய்க்க வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்வதும் மரத்தைக் கெடுக்கும். நகரசபைக்கு எழுதுங்கள். அசையும் பலகையைக் கண்டாலும், ஒழுகும் இடத்தைக் கண்டாலும் எழுதுங்கள். நாள்தோறும் நடக்கிற நாம் பார்க்கும் அளவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கண்களுக்குத் தெரியாது. அந்தத் தமிழ்க் கீறலைப் பற்றி நான் எழுதிவிட்டேன். என்ன மொழி என்று கேட்டால் சொல்வதற்குத் தயாராகத்தான் இருந்தேன். கேட்கவில்லை.

தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களிடம் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணக் கோட்டையையும் நல்லூரையும் பற்றிக் கட்டுரை எழுதக் கொடுக்கிறீர்கள். நல்லது, தொடருங்கள். அதோடு ஒரு காலை அவர்களை இந்தப் பாலத்துக்கும் கூட்டி வாருங்கள். தூண், தீராந்தி, கைமரம், சிலாகை, முகடு, ஓடு என்ற சொற்களைப் படம் கீறிக் கற்பிப்பதை விட, நிமிர்ந்து பார்த்துக் கற்பிப்பது எவ்வளவு எளிது! இந்த நகரத்தில் அந்தச் சொற்களுக்கெல்லாம் பொருளைக் கண்ணெதிரே காட்டும் இடம் இதுதான். பாலத்தின் கதையை எட்டுப் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பிழை திருத்தி, பிள்ளைகளின் தரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். என் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை. சங்கங்கள் விரும்பினால் அச்சிட்டு, ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கும் கொடுக்கலாம்.

பாலத்தைத் திருத்தும் பணம் இந்த நகரின் வரியிலிருந்து போகிறது. அந்த வரியை நாமும் கட்டுகிறோம். நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். ஆகவே இது வேறொருவர் வீட்டுப் பொருள் என்று ஒதுங்கி நிற்கவும் முடியாது, விருந்தாளி போல ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகவும் முடியாது. அயலாரின் வேலி அடைப்புக்குக் கூப்பிடாமலே போய்க் கிடுகு தூக்கிக் கொடுத்த தாய் தகப்பனின் பிள்ளைகள் நாங்கள்.

அந்த இரண்டு பெயருக்கும் உரிய பிள்ளைகளே, இந்த மடல் உங்கள் கண்ணிலும் படலாம். பெயர்களை நான் யாரிடமும் சொல்லவில்லை, பேத்தியிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் மேல் கோபம் இருந்தது, இப்போது இல்லை. நீங்களும் வாருங்கள். வந்தவர்களில் நீங்கள் யார் என்று கேட்க மாட்டேன்.

வருகிற மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, சுற்றுலாக் கூட்டம் வருமுன், இராயப்பர் சிற்றாலயத்துக்கு எதிரே பாலம் தொடங்கும் இடத்தில் நிற்பேன். பேத்தியும் நிற்பாள். இராட்சதன் படத்திலிருந்து தொடங்கி, கோபுரம் தாண்டி, கருகிய பலகைகள் வரை நடப்போம். நேரமிருந்தால் பதர்ப் பாலத்துக்கும் போவோம். காலையில் ஆற்றுக் காற்று குளிராக இருக்கும். பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டுக் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
லுசேர்னில் வாழும் ஒரு பருத்தித்துறையான்